ஃப்ரேஸல் வெர்ப் பட்டியலை மனப்பாடம் செய்தும் பேச்சில் பிடிபடவில்லை. எப்படிப் படிப்பது?

கடலோரம்:

வணக்கம். ஆங்கிலத்தில் மின்னஞ்சல், அறிக்கை எல்லாம் படிக்கவும் எழுதவும் முடிகிறது. மீட்டிங்கில் காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல். 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'கேன்சல்' என்றால் உடனே புரிகிறது. அதையே 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'கால் ஆஃப்' என்று ஃப்ரேஸல் வெர்ப்பாக (வினையோடு ஓரிரு சின்னச் சொல் சேர்ந்து தனிப்பொருள் தருவது) சொன்னால் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் 'கெட்'டில் முப்பது, 'டேக்'கில் இருபது என்று வினைவாரியாக இருக்கின்றன. டேக் ஆஃப், டேக் ஆன், டேக் அப், டேக் இன், டேக் ஓவர் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துவிடுகின்றன. மூன்று விஷயம் தெரிய வேண்டும். 'புட் ஆஃப் இட்' தவறு என்றால் 'லுக் ஆஃப்டர் இட்' மட்டும் எப்படிச் சரி? எத்தனை தெரிந்தால் ஓரளவுக்குப் போதும்? வேகமான பேச்சில் இவற்றைக் காது பிடிக்க என்ன செய்ய வேண்டும்?

(இந்த இழையில் of என்பதை 'ஆவ்' என்றும் off என்பதை 'ஆஃப்' என்றும் எழுதினால் எனக்குக் குழப்பம் இருக்காது.)

வினைத்தொகை:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் அதுதான் அடித்தளம்.

'புட் ஆஃப்', 'லுக் ஆஃப்டர்' இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் கட்டுமானம் வேறு. 'லுக் ஆஃப்டர் த சைல்ட்' என்பதில் 'ஆஃப்டர்' பின்னால் வரும் பெயரோடு சேர்ந்தது. நம் வேற்றுமை உருபு பெயரை விட்டுப் பிரியாதது போலவே அதுவும் பிரியாது. பெயருக்கு முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எனவே குழந்தைக்குப் பதில் 'ஹெர்' வந்தாலும் 'லுக் ஆஃப்டர் ஹெர்'தான்.

'புட் ஆஃப் த மீட்டிங்' என்பதில் 'ஆஃப்' வினையோடு சேர்ந்தது. மீட்டிங்குக்கும் அதற்கும் நேரடி உறவு இல்லை. அதனால் செயப்படுபொருள் எங்கே நிற்பது என்பதில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு: 'புட் ஆஃப் த மீட்டிங்' சரி, 'புட் த மீட்டிங் ஆஃப்' என்பதும் சரி. செயப்படுபொருள் 'இட்', 'தெம்', 'ஹிம்' போன்ற சுட்டுப்பெயராக இருந்தால் அந்தச் சுதந்திரம் போய்விடும். நடுவில்தான் வர வேண்டும். 'புட் இட் ஆஃப்'. காரணம் இதுதான்: ஆங்கில வாக்கியத்தில் கடைசி இடம் புதிய, கனமான செய்திக்கு உரியது. 'இட்' என்பது ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் குறிக்கும் லேசான சொல். கடைசி இடத்தை அதற்குக் கொடுக்க மாட்டார்கள். இதே காரணத்தால் செயப்படுபொருள் மிக நீளமாக இருந்தால் நடுவில் திணிக்கக் கூடாது. 'வெள்ளிக்கிழமை மும்பைக் குழுவோடு நடக்க இருந்த மீட்டிங்' என்ற நீளத்துக்குப் போனால் 'புட் ஆஃப்' முதலில் வந்துவிட வேண்டும், மீட்டிங் பற்றிய விவரமெல்லாம் அதற்குப் பின்னால்.

இரண்டையும் பிரித்துக் காட்ட ஆங்கில இலக்கண வகுப்புகளில் வழக்கமாகச் சொல்லும் ஜோடி ஒன்று உண்டு: 'ரன் அப் த ஹில்', 'ரன் அப் த பில்'. முதலாவது குன்றின்மேல் ஓடுவது. இரண்டாவது பாக்கியை ஏற்றிக்கொண்டே போவது. 'இட்' போட்டுப் பாருங்கள். குன்று என்றால் 'ரன் அப் இட்', பாக்கி என்றால் 'ரன் இட் அப்'. அதே இரண்டு சொல்தான், 'இட்' நிற்கும் இடம் மட்டும் வேறு.

சந்தேகம் வந்தால் இன்னொரு சோதனை: நடுவில் 'கேர்ஃபுலி' போன்ற ஒரு சொல்லைச் செருகிப் பாருங்கள். 'லுக் கேர்ஃபுலி அட் த மேப்' இயல்பாக இருக்கிறது, ஆகவே 'அட்' பெயரைச் சேர்ந்தது. 'லுக் கேர்ஃபுலி அப் த வேர்ட்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆகவே 'அப்' வினையைச் சேர்ந்தது.

மூன்று சொல் கொண்டவற்றில் கடைசிச் சொல் அநேகமாகப் பெயரோடு ஒட்டியே இருக்கும்: 'புட் அப் வித் இட்', 'ரன் அவுட் ஆவ் இட்', 'கம் அப் வித் இட்'. நடுவில் பிரிபவை கொஞ்சம் உண்டு. 'புட் இட் டவுன் டு பேட் லக்' (கெட்ட நேரம்தான் காரணம் என்று கருதுவது) அதில் ஒன்று.

செயப்படுபொருளே ஏற்காத வகையும் இருக்கிறது. 'த கார் ப்ரோக் டவுன்' சரி. 'ஹி ப்ரோக் டவுன் த கார்' என்றால் காரைப் பழுதாக்கினார் என்று ஆகாது. 'டேக் ஆஃப்' இரண்டு பக்கமும் போகும்: விமானம் என்றால் தானாகக் கிளம்பும், ஷூ என்றால் நாம் கழற்றுவோம், 'டேக் தெம் ஆஃப்'.

எனவே நோட்டில் 'புட் ஆஃப் = தள்ளிப்போடு' என்று எழுதுவதை நிறுத்திவிடுங்கள். 'புட் இட் ஆஃப்', 'லுக் ஆஃப்டர் இட்', 'ப்ரேக் டவுன்' (எதுவும் சேர்க்காமல்) என்று எழுதுங்கள். 'இட்' எங்கே நிற்கிறது என்பதிலேயே முழு இலக்கணமும் அடங்கிவிடும். லாங்மன் அகராதியில் பிரியும் வினைகளுக்கு நடுவில் இருமுனை அம்புக்குறி இருக்கும். நோட்டில் ஏற்றும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னால் இன்னொரு வினை வந்தால் அது பெரும்பாலும் 'இங்' வடிவில் வரும்: 'புட் ஆஃப் கோயிங்', 'கிவ் அப் ஸ்மோக்கிங்', 'எண்ட் அப் பேயிங்'. 'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பதில் பலர் சறுக்குவது, அங்கே உள்ள 'டு'வை 'டு கோ', 'டு சீ'யில் வரும் 'டு' என்று நினைப்பதால். இது பெயரோடு சேரும் 'டு'. 'லுக் ஃபார்வர்ட் டு இட்' என்று சொல்ல முடிகிறதே, அதுவே சாட்சி.

அன்னம்22:

எண்ணிக்கை பற்றி. அகராதிகளில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஆனால் புழக்கம் மிகச் சிலவற்றிலேயே குவிந்திருக்கிறது. 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸை (நிஜப் பேச்சும் எழுத்தும் சேர்ந்த தொகுப்பு) வைத்து கார்ட்னர், டேவிஸ் இருவரும் 2007இல் செய்த ஆய்வில், வெறும் 20 வினைகளும் 8 துணைச்சொற்களும் (அப், அவுட் போல வினையோடு சேரும் சின்னச் சொற்கள்) சேர்ந்தே மொத்தப் புழக்கத்தில் பாதிக்கு மேல் வந்துவிடுகின்றன என்று தெரிந்தது. 2015இல் கார்னியர், ஷ்மிட் இருவரும் 'ஃபேவ்' என்ற பட்டியலை வெளியிட்டார்கள். அதில் அதிகம் வழங்கும் 150 ஃப்ரேஸல் வெர்ப் மட்டும். ஒவ்வொன்றுக்கும் எல்லாப் பொருளையும் கொட்டாமல், உண்மையில் அதிகம் வரும் பொருளை மட்டும் எடுத்து மொத்தம் 288 பொருள்களோடு நிறுத்தியிருக்கிறார்கள். அதாவது ஒன்றுக்குச் சராசரியாக இரண்டு பொருள். 'கோ ஆன்'தான் அதில் முதலிடம். உங்கள் இலக்கை அந்த 288இல் வைத்துக்கொள்ளுங்கள். 'டேக்'கில் வரும் இருபதையும் படிக்க வேண்டியதில்லை.

'போஸ்ட்போன்' வருகிறது, 'புட் ஆஃப்' வரவில்லை என்பது தமிழருக்கு மட்டும் உள்ள குறையல்ல. ஹீப்ரு பேசுவோரும் இதே போல ஒற்றைச் சொல் வினைகளுக்கே ஓடுகிறார்கள் என்று 1985இலேயே ஆய்வு வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1755இல் வெளிவந்த தன் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், அயல்மொழிக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய சிரமம் இதுதான் என்று சொல்லியிருக்கிறார்.

ஆனால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இரண்டு சொல் சேர்ந்து மூன்றாவது பொருள் தருவது தமிழில் அன்றாடம் நடப்பது. 'தள்ளிப்போடு' என்பதில் எதையும் யாரும் எங்கும் போடவில்லை. 'பார்த்துக்கொள்' என்றால் கண்ணால் பார்ப்பது மட்டுமல்ல. 'கைவிடு', 'கண்டுபிடி', 'விட்டுக்கொடு', 'ஒத்துப்போ' எல்லாம் இப்படித்தான். புட் ஆஃப், லுக் ஆஃப்டர், கிவ் அப், ஃபைண்ட் அவுட், கிவ் இன், கெட் அலாங் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தை 'போஸ்ட்போன்' வழியாகச் சுற்றிப் போகாமல் 'தள்ளிப்போடு' வழியாக நேரே பிடிக்கலாம். மனப்பாட அட்டையில் பொருள் எழுதும்போது லத்தீன் வழி வந்த ஆங்கிலச் சொல்லை எழுதாதீர்கள், வீட்டில் பேசும் தமிழ்ச் சொல்லை எழுதுங்கள்.

துணைச்சொற்களும் இப்படியே. 'அப்' பல இடங்களில் நம் 'விடு' செய்யும் வேலையைச் செய்கிறது, அதாவது முழுதாக முடிப்பது: 'ஈட் அப்' சாப்பிட்டுவிடு, 'யூஸ் அப்' தீர்த்துவிடு. 'டவுன்' சில இடங்களில் நம் 'வை': 'ரைட் டவுன்', 'நோட் டவுன்' என்றால் எழுதிவை, குறித்துவை. 'ஆன்' என்பது 'கொண்டே இரு': கோ ஆன், கேரி ஆன், ரீட் ஆன். 'அவுட்' தீர்ந்துபோவதையும் (ரன் அவுட், டை அவுட், சோல்ட் அவுட்) தெரியவருவதையும் (ஃபைண்ட் அவுட், வொர்க் அவுட்) காட்டும். 'ஓவர்' கைமாறுவதற்கு (ஹேண்ட் ஓவர், டேக் ஓவர்), மறுபடி ஒருமுறை பார்ப்பதற்கு (கோ ஓவர், திங்க் ஓவர்). இந்த ஏழெட்டு இழை மனதில் இருந்தால் புதிதாக ஒன்று வரும்போது ஒட்ட வைக்க இடம் கிடைக்கும்.

மணிமுத்தாறு:

அன்னம் சொல்ற 'விடு', 'வை' ஒப்புமை நல்லா இருக்கு, நான் மறுக்கல. ஆனா அதை வச்சுப் பொருளை ஊகிக்கப் போனா மாட்டிக்குவீங்க. துணைச்சொல்லோட பொருள், தெரிஞ்ச பிறகு விளக்கத்தான் உதவும், தெரியாததைக் கணிக்க உதவாது. ஒரு ஃபார்மை 'ஃபில் இன்' பண்ணலாம், 'ஃபில் அவுட்'டும் பண்ணலாம், ரெண்டும் ஒண்ணுதான். 'ஸ்லோ டவுன்', 'ஸ்லோ அப்' ரெண்டுமே வேகம் குறையறது. 'டர்ன் டவுன்' ஒலியைக் குறைக்கறதும்தான், வேலை வாய்ப்பை வேண்டாம்னு சொல்றதும்தான். 'அப்'க்கு முழுசா முடிக்கறதுன்னு மட்டும் வச்சுக்கிட்டா 'ஷோ அப்' (வந்து சேர்றது), 'ஸ்பீக் அப்' (சத்தமா பேசறது), 'மேக் அப் அ ஸ்டோரி' (இட்டுக்கட்டறது) எங்க போகும்?

அதனால முதல்ல முழு வாக்கியமா பழகணும், விளக்கம் பிறகு. நான் சொல்ற முறை இது. ஒரு நாளைக்கு மூணு, அதிகபட்சம் நாலு. அந்த நாலும் ஒரே வினையாவும் இருக்கக் கூடாது, ஒரே துணைச்சொல்லாவும் இருக்கக் கூடாது. உங்களுக்கு டேக் குடும்பம் கலந்து போனதுக்கு ஞாபக சக்தி காரணமில்ல, ஒரே மாதிரி இருக்கறதை ஒரே நேரத்துல ஏத்தினதுதான் காரணம். திங்கள் 'டேக் ஓவர்' படிச்சா 'டேக் ஆன்' ரெண்டு வாரம் கழிச்சு வரட்டும், முதல்ல ஒண்ணு ஊறட்டும்.

ஆங்கி மாதிரி செயலியில அட்டை போடறீங்கன்னா, முன்பக்கம் தனி ஃப்ரேஸல் வெர்ப் வேண்டாம். ஒரு சின்னச் சூழ்நிலையைத் தமிழ்ல எழுதி, அடியில ஆங்கில வாக்கியத்தைக் கோடிட்ட இடத்தோட போடுங்க. உதாரணமா: 'கேஸ் தீர்ந்துபோச்சு, வெளியில சாப்பிடலாம்', கீழ 'வீ ஹேவ் ___ ___ ___ கேஸ்'. பின்பக்கம் 'ரன் அவுட் ஆவ்', அதோட இட் போட்ட வடிவம், இறந்தகாலம் ('ரேன் அவுட்'). ஒரு பொருளுக்கு ஒரு அட்டை. 'பிக் அப்'ல ஆளை வண்டியில ஏத்திக்கறது ஒரு அட்டை, ஒரு மொழியைக் கேட்டுக் கேட்டே கத்துக்கறது இன்னொரு அட்டை. ரெண்டையும் ஒண்ணா அடைச்சா ரெண்டும் நிக்காது.

இன்னொண்ணு, பொருள் தெரிஞ்சா மட்டும் போதாது, எதோட சேரும்னு தெரியணும். 'கால் ஆஃப்' கல்யாணம், மீட்டிங், ஸ்ட்ரைக், தேடுதல் வேட்டை இதுக்கெல்லாம் வரும். அதாவது பல பேர் சேர்ந்து நடத்தற, திட்டமிட்ட ஒண்ணு. ஆன்லைன்ல போட்ட ஆர்டரையோ சந்தாவையோ 'கால் ஆஃப்' பண்ண முடியாது, அங்க 'கேன்சல்'தான். 'புட் ஆன்' சட்டையை மாட்டற செயல், 'வேர்' மாட்டியிருக்கற நிலை. தமிழ்ல 'போட்டுக்கறேன்', 'போட்டிருக்கேன்'னு ரெண்டுமே 'போடு'ல இருந்தே வர்றதால இங்க நிறையப் பேருக்குக் குழப்பம். இந்த மாதிரி தகவலை அட்டையின் பின்பக்கம் ஒரு வரியா எழுதிடுங்க.

கடலோரம்:

மூவருக்கும் மிக்க நன்றி. 'இட்' சோதனை இவ்வளவு எளிது என்று தெரியாது, இன்றே நோட்டைத் திருத்துகிறேன். காது விஷயத்தை யாராவது சொல்லுங்களேன். எழுதிக் காட்டினால் தெரிந்த சொற்கள்கூடப் பேச்சில் தப்பிவிடுகின்றன.

வினைத்தொகை:

காதில் தப்புவதற்கு இரண்டு காரணம்: சொற்கள் ஒட்டிக்கொள்வது, அழுத்தம் விழும் இடம்.

ஒட்டுவது நமக்குப் புதிதல்ல. மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டும் சேரும் என்று பள்ளியில் படித்த புணர்ச்சி விதிதான். ஆங்கிலத் துணைச்சொற்களில் அப், ஆஃப், அவுட், ஆன், இன், அவே, ஓவர் எல்லாமே உயிரில் தொடங்குபவை. நடுவில் வரும் 'இட்'டும் உயிரில் தொடங்குவது. ஆகவே 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிடப்' என்று ஒரே மூச்சில் வரும். 'செக் இட் அவுட்' 'செக்கிடவுட்' ஆகும். அமெரிக்கப் பேச்சில் இரண்டு உயிருக்கு நடுவில் வரும் 'ட்' மென்மையாகிவிடுவதால் 'புட் இட் ஆஃப்' ஏறக்குறைய 'புடிடாஃப்' என்றே விழும். நீங்கள் மூன்று சொல்லை எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்கள், வந்துபோனது ஒன்று. 'ஹிம்', 'ஹெர்', 'தெம்' ஆகியவற்றின் முதல் ஒலியும் விழுந்துவிடும்: 'பிக் ஹிம் அப்' என்பது 'பிக்கிமப்'. 'ரன் அவுட் ஆவ்' என்பதில் கடைசிச் சொல் வெறும் 'அவ்' ஆகச் சுருங்கி 'ரனவுடவ்' என்று ஓடும்.

அழுத்தம்: பெயரைச் சேர்ந்த சொல் அழுத்தம் பெறாது, வினையைச் சேர்ந்த துணைச்சொல் பெறும். 'லுக் அட் இட்' என்பதில் குரல் 'லுக்'கில் ஏறும். 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் 'ஆஃப்'பில் ஏறும். தமிழ் வாக்கில் எல்லா அசையையும் ஏறத்தாழச் சமமாகச் சொல்லிப் பழகிய நமக்கு இந்த ஏற்ற இறக்கம் கேட்கக் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் பிடிபட்டால் பெரிய உதவி: வாக்கியத்தின் கடைசியில் ஒரு சின்னச் சொல் ஓங்கி ஒலித்தால், முன்னால் போன வினையோடு அதைச் சேர்த்துப் பொருள் கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு யூகிளிஷ் தளம் போதும். தேடும் சொல் யூடியூப் காணொளிகளில் பேசப்படும் இடத்துக்கே கொண்டுபோய் விடும். 'புட் ஆஃப்' என்று தேடாதீர்கள். பிரிந்த வடிவத்தில், 'புட் இட் ஆஃப்', 'புட்டிங் இட் ஆஃப்', 'புட் திஸ் ஆஃப்' என்று தேடுங்கள், பேச்சில் அதிகம் தப்புவது அதுதான். ஒரு வடிவத்துக்குப் பத்து கிளிப். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, காதில் விழுந்தபடி தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். பிறகு எழுத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். கடைசியில் அதே வேகத்தில், அதே ஏற்றத்தோடு திருப்பிச் சொல்லுங்கள். வாய் ஒட்டிச் சொல்லப் பழகினால்தான் காதும் ஒட்டிக் கேட்கும்.

அன்னம்22:

மீட்டிங் என்று சொன்னதால் தேதி தொடர்பானவற்றை மட்டும் தனியாகத் தருகிறேன், இங்கே தவறினால் நேரடி நஷ்டம். 'புஷ் பேக்' என்றால் தேதியைத் தள்ளிப்போடுவது. ஆனால் 'புஷ் பேக் ஆன் த ப்ளான்' என்று 'ஆன்' சேர்ந்தால் திட்டத்துக்கு எதிர்ப்புத் தெரிவிப்பது. 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்றால் முன்கூட்டியே நடத்துவது. அமெரிக்கர் இதற்கு 'மூவ் அப்' என்பார். 'மூவ் ஃபார்வர்ட்' மட்டும் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே இருவிதமாக எடுத்துக்கொள்ளப்படும். யாராவது அதைச் சொன்னால் தயங்காமல் 'எந்தத் தேதி?' என்று கேட்டுவிடுங்கள். 'சைன் ஆஃப் ஆன் இட்' ஒப்புதல் கொடுப்பது, 'ஃபில் இன் ஃபார் ஹெர்' அவருக்குப் பதிலாக இருந்து வேலை பார்ப்பது, 'ரோல் அவுட்' படிப்படியாக வெளியிடுவது, 'ரோல் பேக்' பழைய நிலைக்கே திருப்புவது.

மணிமுத்தாறு:

நம்ம ஊர் ஆங்கிலத்துல இருக்கற சிலதையும் சேர்த்துடறேன், வெளிநாட்டுக்காரர்கிட்ட பேசும்போது தேவைப்படும். 'லைட்டை ஆஃப் பண்ணு'ன்னு தமிழ்ல சொல்லிச் சொல்லி 'ஆஃப் த லைட்'னு வந்துடுது. 'ஆஃப்' தனியா வினையா நிக்காது, 'டர்ன் ஆஃப்' இல்லன்னா 'ஸ்விட்ச் ஆஃப்' வேணும். 'கோப் அப் வித்' கிடையாது, 'கோப் வித்' மட்டும்தான். 'பாஸ் அவுட்'னா இங்க படிச்சு முடிச்சு வெளிய வர்றது, அங்க மயக்கம் போட்டு விழறது. நேர்காணல்ல 'க்ராஜுவேட்டட்'னே சொல்லிடுங்க. பஸ்ல இருந்து இறங்கறது 'கெட் ஆஃப்', கார்ல இருந்து 'கெட் அவுட் ஆவ்'. 'கெட் டவுன்' ஏணி, மரம் மாதிரி உயரத்துல இருந்து இறங்கறதுக்கு. 'கட் த கால்' இல்ல, 'ஹேங் அப்'.

எழுதும்போது ஒரு விஷயம். வினையா இருந்தா ரெண்டு சொல், பெயரா இருந்தா ஒண்ணு: பேக் அப், செட் அப், லாக் இன் எல்லாம் வினையில பிரிஞ்சும் பெயர்ல சேர்ந்தும் வரும். உச்சரிப்பிலயும் பெயரா இருந்தா அழுத்தம் முதல் பகுதிக்கு மாறிடும். 'பேக்கப்ட்'னு இறந்தகாலம் போடறது பிழை. காலம் காட்டறது வினைதான், அதனால 'பேக்ட் இட் அப்', 'லாக்ட் இன்'.